தட்டிப் பார்த்த மரம்

மச்சான், அமெரிக்காவிலிருந்து திரும்பிப் பத்து நாளாகியும் ஷூவைக் கழுவவில்லை என்று வீட்டில் ஒரே திட்டு. இன்று காலை வாசலில் அதைக் கவிழ்த்துத் தட்டினேன். சிவந்த மரத்தூளும் காய்ந்த இலைத் துணுக்குகளும் கொட்டின. அந்த மர வாசம் மூக்கில் ஏறியதும் உனக்கு எழுதியே ஆகவேண்டும் என்றாகிவிட்டது. நீ கண்ணை மூடி நாலு வருஷமாகிறது. இருந்தாலும் இந்தச் சேதியைச் சொல்ல உன்னை விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை.

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில், முப்பது வருஷத்துக்கு முன் அந்த ஷிப்டில் பாறை சரிந்து, விளக்கும் அணைந்து, நான் தனியாக ஏழெட்டு மணி நேரம் மாட்டிக்கொண்டது ஊருக்கே தெரியும். அதற்குப் பிறகு இருட்டென்றால் எனக்குக் கைகால் உதறும் என்பது உனக்கு மட்டும்தான் தெரியும். சுரங்கம் மூடும்வரை உன் விளக்கை ஒட்டியே கீழே இறங்கினேன். சுரங்கக்காரனுக்கு இருட்டு பயம் என்றால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? நீ சிரிக்கவில்லை. சாயங்காலமானால் நம் லைன் வீடுகளுக்குப் பின்னாலிருக்கும் நீலகிரித் தோப்புக்கு என்னை இழுத்துப் போவாய். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்தித் திரும்புவோம். கீழே விளக்கு போனால் செய்வதுபோல, பேரைக் கூப்பிட்டுக்கொண்டே நடப்போம். "நிக்காத மச்சான், பேர சொல்லிக்கினே நட. இருட்டு இன்னா பண்ணும்?" என்பாய். மூச்சுக் கோளாறு உன்னைப் படுக்கையில் தள்ளியதும் என் நடையும் நின்றது. ஆறு மணிக்குமேல் தோப்புப் பக்கம் நான் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

மகளும் மருமகனும் என்னைக் கூட்டிப்போனது ரெட்வுட் காட்டுக்கு. செம்மரம் என்று எழுதினால் நம் பக்கத்தில் போலீஸ் வந்துவிடும். இது வேறு மரம். அண்ணாந்து பார்த்தால் நுனி தெரியாது, கழுத்துதான் வலிக்கும். முதலில் பகலில் போனோம். தரையெல்லாம் உதிர்ந்த இலை. நம் காலடி நமக்கே கேட்காது. வழியோர மரங்களைக் கைத்தடியால் தட்டிக்கொண்டே போனேன். கூரைப் பாறையைக் கம்பியால் தட்டி, கணீரென்றால் கெட்டி, தொம்மென்றால் விலகு என்று பழகிய கை சும்மா இருக்குமா? "மானத்த வாங்காதீங்கப்பா" என்றாள் மகள். பாதை பிரியும் இடத்தில் ஒரு மரம் அடியில் எரிந்து பொந்தாகியிருந்தது. அது மட்டும் தொம்மென்றது.

மறுநாள் மகள் ஆந்தைச் சத்தம் கேட்கவேண்டும் என்று, இருட்டும் நேரத்தில் அதே பாதைக்குக் கிளம்பினாள். போனெல்லாம் காரிலேயே இருக்கட்டும் என்பதும் அவள் கட்டளைதான். வரமாட்டேன் என்று சொல்ல வெட்கப்பட்டுக் கூடப் போனேன். திரும்பும்போது மருமகன் வழுக்கி விழுந்ததில், இருந்த ஒரே டார்ச்சும் பாதையோர ஓடையோடு போயிற்று. மச்சான், அப்படியோர் இருட்டை நான் கீழேதான் பார்த்திருக்கிறேன். தடியை ஊன்றி அப்படியே நின்றுவிட்டேன். மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அப்போது நீ சொன்னதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இருவரையும் பின்னால் தோளில் கை வைக்கச் சொன்னேன். மாறி மாறித் தங்கள் பேரைச் சொல்லிக்கொண்டே வரச் சொன்னேன். தடியால் தட்டிக்கொண்டே முன்னால் நடந்தேன். கெட்டி, கெட்டி, கெட்டி. பிறகு, தொம். அந்தப் பொந்து மரம்தான்; காருக்குப் போகும் இடப்பக்கப் பாதையில் திரும்பினேன். பத்து நிமிஷத்தில் கார் நின்ற இடத்துக்கு வந்துவிட்டோம்.

"நடுவுல மாமா பேரையும் கூப்பிட்டீங்களேப்பா, ஏன்?" என்று கேட்டாள் மகள். காரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், என் பயத்தையும் சேர்த்து. சொன்னபோது வெட்கமாக இல்லை, பெருமையாக இருந்தது.

நேற்று ஏழு மணிக்குமேல் தோப்புக்குப் போனேன். டார்ச் எடுத்துப் போகவில்லை. என் பேரையும் உன் பேரையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு கடைசிவரை நடந்து திரும்பினேன். அந்தப் பழக்கத்தை நான் விடப்போவதில்லை. தோப்பு முனையில், பெங்களூர் ரயிலில் வந்திறங்கிய பக்கத்து லைன்காரர் வெளிச்சத்தை என் முகத்தில் அடித்து, "இன்னா, இருட்டுல ஒண்டியாவா வரீங்க?" என்றார்.

"ஆமா, ஒண்டியாத்தான்" என்றேன். இந்தப் பதிலைச் சொல்ல எனக்கு முப்பது வருஷம் ஆனது, மச்சான்.