ஆறுவதற்கு அரை மணி நேரம்

போன வாரம் செங்காங்கில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு மூட்டை வந்து இறங்கியது. தங்கை கத்தரிக்கோலால் அதன் வாயைக் கிழித்தாள். பைன் மர வாசனை கூடமெங்கும் பரவியது. உள்ளே எட்டிப் பார்த்தேன். மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகள். பென்சில் பருமன், விரல்நக நீளம், பழுப்பு நிறம்.

“இது எதுக்கு?”

“பூனைக்கு. இதான் அதோட டாய்லெட் லா. ஈரம் பட்டா உப்பிப் பொடியாயிடும், அள்ளிப் போட ஈசி. ஏன் அண்ணே, முகம் ஒரு மாதிரி போவுது?”

நீ மூட்டை மூட்டையாகத் தோளில் சுமந்து வந்து எரித்த இதே பெல்லட் குச்சி, இங்கே பூனைக்குக் கழிப்பறை. இதைக் கேட்டால் ஒரு வாரம் சிரிப்பாய் என்று கைப்பேசியை எடுத்துவிட்டேன். இனி உன்னை அழைக்க முடியாது என்பது இரண்டு விநாடி கழித்துத்தான் உறைத்தது. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த இரண்டு விநாடி போகவில்லை. அது எனக்கு எரிச்சலாக இருக்கிறது. உன்மேல் வேறு எரிச்சல்களும் பாக்கி இருக்கின்றன. அதனால்தான் எழுதுகிறேன்.

கிளமெண்டி பக்கத்துப் பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து குளிர்சாதனம் படித்தோம். பட்டயம் கைக்கு வந்த மறுமாதமே நீ சமையலறைக்குப் போய்விட்டாய். நான் படித்ததைச் செய்ய இயந்திர அறைகளுக்குப் போனேன். என் வேலை எளிது. கட்டடத்துக்குள் இருக்கும் வெப்பத்தைப் பிடித்து மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். நீயோ டாஸ்மேனியாவில் ஒரு சின்ன ஊரில் ஓட்டல் வேலை என்று கிளம்பினாய். கடையநல்லூரில் திருமணம் முடித்து பர்வீனையும் அந்தக் குளிருக்குக் கூட்டிக்கொண்டு போனாய். அங்கே அமீரா பிறந்து, அவள் நடக்க ஆரம்பித்த பிறகு, ஒரு பழைய வீட்டுக்குக் குடிமாறினாய். அங்கிருந்து வந்த முதல் அழைப்பு இன்னும் காதில் இருக்கிறது.

“டேய், தோசை மாவு பொங்கமாட்டேங்குது.”

“எவ்வளவு நேரம் வெச்ச?”

“மூணு நாள்.”

இங்கே காலையில் அரைத்த மாவு மத்தியானம் பாத்திரத்தைத் தாண்டி வெளியே வரும். மூன்று நாள் என்றதும் நீ உளுந்தை மறந்துவிட்டாய் என்று நினைத்தேன்.

“அடுப்புக்கு மேல வை. சூட்டுல பொங்கிடும்.”

“அடுப்பு எரியல. அதுக்குத்தான் கூப்பிட்டேன்.”

அப்படித்தான் அந்த அடுப்பு எனக்கு அறிமுகமானது. கைப்பேசியை அதன் முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டினாய். ஓர் இரும்புப் பெட்டி. மேலே சமைக்கத் தட்டு, கீழே ரொட்டி சுடும் அறை, பின்னால் பெல்லட் கொட்டும் தொட்டி. தொட்டியிலிருந்து ஒரு திருகு குச்சிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள, அவை உள்ளங்கையளவு கிண்ணத்தில் விழுந்து எரியும். காற்றாடி ஒன்று காற்றுத் தரும். வீட்டுக்குச் சோறும் அதில்தான், சூடும் அதில்தான். அது நின்றால் இரண்டும் கிடையாது.

“விறகு அடுப்புன்னு சொன்ன. பிளக் எதுக்குடா?”

“கரண்ட் இல்லாம எரியாது.”

“மரத்தை எரிக்கக் கரண்டா? இதை எவன் டிசைன் பண்ணான்?”

“நீதான் இன்ஜினியர். நீயே சொல்லு.”

புயலில் மின்சாரம் போன அன்று ஒரு படம் அனுப்பினாய். தொட்டி நிறைய மரம், அதற்கு முன்னால் மூன்று பேரும் ஒரே போர்வைக்குள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படி ஒரு பொருளை நம்பி ஒருவன் குடும்பம் நடத்துவானா என்று ஒரு வாரம் திட்டினேன்.

முதல் குளிர்காலத்தில் மூட்டைகளை வீட்டுக்கு வெளியே வை என்றேன். இங்கே அடுக்குமாடி நடைபாதையில் எரியும் பொருளை வைத்தாலே தீ பயத்தில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். அந்தப் புத்தி எனக்கு. நீயும் தோட்டத்துக் கொட்டகையில் கொண்டுபோய் அடுக்கினாய். ஈரக் காற்றில் பெல்லட் எல்லாம் உப்பிப் பொடியாகி, திருகுக்குள் போய்ச் சிமெண்டாக இறுகியது. இரண்டு நாள் உளியால் சுரண்டினாய். நீ என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன்பிறகு நான் என்ன சொன்னாலும் “சரிடா” என்றாய். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஐந்து குளிர்காலம். ஜூன் பிறந்தால் அங்கே குளிர் தொடங்கும்; வாரத்துக்கு இரண்டு அழைப்பாவது வரும். நான் எங்கோ ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில், காதைப் பிளக்கும் பம்புகளுக்கு நடுவில் நிற்பேன்.

“மறுபடி நின்னுருச்சுடா. திரையில ஏதோ நம்பர் வருது.”

“கிண்ணம் சுத்தமா?”

“ம்.”

“தொட்டி மூடியைத் திறந்து மூடு. காத்தை ஒரு புள்ளி கூட்டு.”

“கூட்டிட்டேன்.”

“கூட்டிட்டியா, சும்மா சொல்றியா?”

“கூட்டிட்டேன் லா. சரி, தேக்கா மார்க்கெட்ல இப்ப என்ன மீன் வந்திருக்கு?”

“அடுப்பைப் பாருடா.”

“பாத்துட்டுத்தான் இருக்கேன். நீ மீனைச் சொல்லு.”

மேலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுவார். நீ வஞ்சிரத்திலிருந்து கூடப் படித்தவன் கல்யாணத்துக்குப் போய், அங்கிருந்து என் அம்மாவின் முழங்காலுக்கு வருவாய். எனக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கும். கடைசியில், “ஆங், பிடிச்சிருச்சு” என்பாய்.

“பாத்தியா? காத்துதான் பிரச்சினை.”

“நீ சொன்னா சரிதான், இன்ஜினியர்.”

போனை வைப்பதற்கு முன் ஒவ்வொரு தடவையும், கையேட்டைப் படித்துத் தொலை என்று கத்துவேன். ஒன்றை இப்போது ஒப்புக்கொள்கிறேன். கையேடு இத்தாலிய மொழியில் இருந்தது. நான் அதைத் தரவிறக்கி, பின்பக்கத்தில் இருந்த எண் அட்டவணையை மட்டும்தான் பார்த்தேன். மீதியை நானும் படிக்கவில்லை.

அப்புறம் உனக்குக் கணையத்தில் நோய் என்றார்கள். பெரிய மருத்துவமனையிலிருந்து பேசினாய். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. நான் மருத்துவரைப் பற்றிக் கேட்டேன், மருந்தைப் பற்றிக் கேட்டேன், இரண்டாவது கருத்து வாங்கச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் “சரிடா” என்றாய்.

“அடுப்பைப் பாத்துக்க” என்றாய் பிறகு.

“அடுப்பைப் பத்திப் பேசுற நேரமாடா இது?”

“என்னைப் பாக்கச் சொல்லல. அடுப்பை.”

நீ போன செய்தி வந்தபோது நான் டிக்கெட் தேடிக்கொண்டிருந்தேன். அன்றைக்கே அடக்கம். விமானம் ஏறியிருந்தாலும் உன் முகத்தைப் பார்த்திருக்க முடியாது. டிக்கெட் பக்கத்தை மூடிவிட்டு வேலைக்குப் போனேன்.

பர்வீனை அவர் வீட்டில் ஊருக்கு வரச் சொன்னார்கள். அமீராவுக்கு எட்டு வயது. அவளுக்குப் பள்ளிக்கூடம், தோழிகள் எல்லாம் அங்கேதான். “இந்த ஒரு குளிரை நானே தாண்டிட்டேன்னா இங்கயே இருந்துருவேன் அண்ணே. முடியலைன்னா எங்க வீட்ல சொல்ற மாதிரி ஊருக்குப் போயிர வேண்டியதுதான்” என்றார். அவர் தாண்டவேண்டிய குளிர் முழுக்க அந்த இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. நீ அதைத்தான் என்னிடம் விட்டுப் போயிருந்தாய்.

ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். அம்மா வாழை இலை வாங்கி வரச் சொல்லி, சிராங்கூன் சாலையில் வேர்க்க விறுவிறுக்க நடந்துகொண்டிருந்தேன். பர்வீன் அழைத்தார்.

“அண்ணே, அடுப்பு நின்னுருச்சு. காலைல ஒரு தடவை நின்னுச்சு, இப்ப மறுபடியும். அமீரா கோட்டைக் கழட்டாம உக்காந்திருக்கா.”

“சின்ன ஹீட்டர்?”

“அதைப் போட்டா வீட்ல மொத்தக் கரண்டும் போயிருது. ரிப்பேர்காரர் வியாழக்கிழமைதான் வருவாராம். இப்படியே போனா முடியாது போலருக்கு அண்ணே.”

அழவில்லை. முடிவு எடுத்துவிட்டவர்கள் பேசுகிற மாதிரி பேசினார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நடைபாதையில் ஒரு தூணோரம் ஒதுங்கினேன்.

“கிண்ணம் சுத்தமா?”

“துடைச்சுட்டேன்.”

“தொட்டி மூடியைத் திறந்து மூடுங்க. காத்தை ஒரு புள்ளி கூட்டுங்க.”

கைப்பேசியைக் காதோடு அழுத்தினேன்.

“பர்வீன்?”

“காத்தைக் கூட்ட வேணாம்னு எழுதியிருக்கே அண்ணே.”

“எங்க?”

“அடுப்புப் பக்கவாட்டுல. அவங்க ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி டேப் ஒட்டி எழுதி வெச்சாங்க.”

“படிங்க.”

“நீங்க தப்பா நினைக்கக்கூடாது.”

“படிங்க பர்வீன்.”

தொண்டையைச் செருமிக்கொண்டு, பாடம் ஒப்பிப்பதுபோல் படித்தார்.

“ஒண்ணு, கிண்ணத்தைத் துடை. ரெண்டு, காத்தைக் கூட்டாதே. அவன் கூட்டச் சொல்வான். கூட்டினா சூடெல்லாம் புகைபோக்கி வழியாப் போயிரும். மூணு, அணைச்சுட்டு அரை மணி நேரம் ஆற விடு. ஆறாம மறுபடி பிடிக்காது. நாலு…”

“நாலு?”

“நாலு, ஆறுற வரைக்கும் அவனுக்குப் போன் போடு.”

காய்கறி வண்டி தள்ளி வந்தவர், “ஓரமா நில்லு தம்பி” என்றார். நான் ஏற்கெனவே ஓரமாகத்தான் நின்றிருந்தேன்.

ஐந்து குளிர்காலமாக உன் அடுப்பைச் சரிசெய்தவன் நான் என்று கேன்டீனில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் தெரியுமா? ஒருநாள்கூட நான் எதையும் சரிசெய்யவில்லை. ஆறினால் அது தானாகப் பிடிக்கும். ஆறும்வரை ஓடவிடும் வானொலி நான். அதுவும் எந்த நேரத்தில்? மேலாளர் முறைத்துக்கொண்டிருந்த நேரத்தில். செத்துப்போனவனைத் திட்டக்கூடாது என்பார்கள். நடுத்தெருவில் நின்று மனதாரத் திட்டினேன்.

“அண்ணே, இருக்கீங்களா?”

“இருக்கேன். எப்ப அணைச்சீங்க?”

“உங்களைக் கூப்பிடுறதுக்கு முன்னாடிதான்.”

“அப்ப அரை மணி இருக்கு.”

“ஆமா.”

அடுப்பையும் ஊருக்குப் போவதையும் தவிர நானும் பர்வீனும் எதையும் பேசியதில்லை. அவர்தான் ஆரம்பித்தார்.

“அங்க வெயிலா?”

“சட்டை முதுகோட ஒட்டியிருக்கு.”

“நல்லாருக்கும்” என்றார். அவர் குரலில் அவ்வளவு ஏக்கம்.

அதற்குள் அமீரா கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டாள். “அங்கிள், நீங்க பேசுறப்ப அத்தா அந்த பட்டனைத் தொடவே மாட்டாங்க. ‘கூட்டிட்டேன்’னு சொல்லிட்டு என்னைப் பாத்துக் கண்ணடிப்பாங்க.”

“அப்படியா? உங்க அத்தா இன்னும் என்னென்ன பண்ணியிருக்கான் தெரியுமா உனக்கு?”

சொன்னேன். ஆய்வுக்கூடத்துக் குளிரறையில் சோதனைக்கு வைத்திருந்த தண்ணீர்ப் பைகளுக்குப் பின்னால் நீ மசாலா தடவிய ஆட்டுக்கறியை ஒளித்து வைத்த கதை. வெப்பநிலை ஏன் இறங்கவில்லை என்று விரிவுரையாளர் மூன்று நாள் கருவியைப் பிரித்துப் பார்த்த கதை. நாலாம் நாள் அவரே கறியைக் கண்டுபிடித்து, யாருடையது என்று கேட்டபோது நீ என்னைக் கைகாட்டிய கதை. அமீரா சிரித்தாள். பின்னால் இன்னொரு சிரிப்பும் கேட்டது. அதை நான் அதற்குமுன் கேட்டதில்லை. வெகுநேரம் கழித்து பர்வீன் வந்து, “எரியுது அண்ணே, கோட்டைக் கழட்டிட்டா” என்றார்.

இலை வாங்காமல் வீடு போய் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மறுநாள் உட்கார்ந்து, அந்தக் கையேட்டை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு முதல் பக்கத்திலிருந்து படித்தேன். காற்று விஷயத்தில் நீ எழுதியதுதான் சரி. அதை விழுங்கிக்கொண்டேன். ஆனால் ஆறவிட அரை மணி நேரம் தேவையில்லை. பன்னிரண்டு நிமிடம் என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தது. ஒரு பிழையாவது பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் அப்போதே பர்வீனை அழைத்தேன். குளிரில் வீணாகக் காத்திருக்க வேண்டாம் என்றேன்.

“அது தெரியுமே அண்ணே. பன்னெண்டு நிமிஷத்துல பச்சை விளக்கு வந்துரும். அவங்களும் உடனே பத்த வெச்சுருவாங்க.”

“அப்புறம் ஏன் எரியல எரியலன்னு எங்கிட்ட சொல்லிட்டே இருந்தான்?”

“பேசிட்டிருப்பாங்க” என்றார். “நேத்தும் நீங்க ஆட்டுக்கறிக் கதை சொல்றப்பவே பிடிச்சுருச்சு. அமீரா சிரிச்சுட்டிருந்தா. குறுக்க பேச வேணாம்னு விட்டுட்டேன்.”

அந்தக் குளிரை அவர்கள் தாண்டிவிட்டார்கள். அமீரா அதே பள்ளியில் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டாள். பர்வீன் ஊருக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டார். இப்போது இரண்டாவது குளிர் நடக்கிறது. அடுப்பு திருந்தவில்லை, நின்றுகொண்டுதான் இருக்கிறது.

அவர் அழைக்கும்போது நான் பெரும்பாலும் ஏதாவது ஒரு பம்புக்குப் பக்கத்தில் நிற்கிறேன். மேலாளர் இன்னும் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். காத்தை ஒரு புள்ளி கூட்டுங்க என்று வாய்வரை வருகிறது. அதை விழுங்கிவிட்டு, வெளியே நடந்துபோய், இன்றைக்கு அங்கே என்ன சமையல் என்று கேட்கிறேன்.