உதறிய சட்டை

திருகோணமலை, 1991

பூரணியின் அப்பாவுக்கு,

"கப்பல் எஞ்சின் அறையில அஸ்பெஸ்டஸ் தூள் உங்கட நெஞ்சுக்குள்ள போனதுக்கு என்ன சாட்சி?" என்று கொழும்பில் ஊனக் கொடுப்பனவுக் குழு கேட்டதாக எழுதியிருந்தீர்கள்.

நீங்கள் லீவில் வரும்போதெல்லாம் உங்கள் கடற்படைச் சட்டையைக் கிணற்றடியில் உதறித் தோய்ப்பேன். வெள்ளையாகத் தூள் பறக்கும். "ரீச்சருக்கு வீட்டிலயும் சோக்குத் தூளோ?" என்று சிரிப்பீர்கள். பள்ளியில் கரும்பலகையை ஈரத்துணியால் துடைக்கச் சொன்ன நான், அந்தச் சட்டையையும் நனைத்துவிட்டு உதறியிருக்கலாம்.

இருமல் விடாததால் போன கிழமை நானும் நெஞ்சு எக்ஸ்ரே படம் எடுத்தேன். உங்கள் படத்தில் உள்ள அதே தழும்பு. "சோக்குத் தூள் இப்பிடிச் செய்யாது, ரீச்சர்" என்றார் டொக்டர். நான் கப்பல் ஏறியதே இல்லை.

சண்டையில் மூடிய கொழும்புப் பாதை இப்போது திறந்திருப்பதால் தம்பி யோகராசாவிடம் படத்தைக் கொடுத்தனுப்புகிறேன். அழவேண்டாம். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்தக் குழுவிடம் காட்டிப் பாருங்கள்.

உங்கள் மனைவி