முதுகுப் பக்கத்து முடிச்சு

வியாழன். பிரசாரத்தின் ஆறாம் நாள்.

முழங்கால் நிற்கவிடுவதில்லை. அதனால் இன்றும் என்னைத் திறந்த வேனின் கம்பியோடு துண்டால் கட்டி நிறுத்தினார்கள். முடிச்சு முதுகுப் பக்கம், மேலே சால்வை. எழுபத்தெட்டு வயதிலும் தலைவர் நின்றே பேசுகிறார் என்று நெட்டுக்குப்பத்தில் கைதட்டினார்கள்.

மதியம் வேனை நிறுத்தியதும் எல்லோரும் சாப்பாட்டுப் பந்தலுக்கு ஓடிவிட்டார்கள். என்னை அவிழ்க்க மறந்துவிட்டார்கள். முடிச்சு கைக்கு எட்டவில்லை. கத்தினால் ஊருக்கே தெரிந்துவிடும். கும்பிட்ட கையோடு வெயிலில் நின்றேன்.

மீன் கூடையோடு போன ஒரு பெண் நின்றாள்.

"இன்னா தலைவரே, ஆளே இல்ல, யாருக்குக் கும்பிடு போட்டுக்கினு கீற?"

கூடையை இறக்கிவிட்டு வேனில் ஏறினாள். சால்வையைத் தூக்கிப் பார்த்தாள். முடிச்சை அவிழ்த்து, கையைப் பிடித்து என்னை உட்காரவைத்தாள்.

"வூட்ல யாரும் இல்லியா நைனா?"

"கட்சிக்காரங்க இருக்காங்கம்மா" என்றேன். அவள் பந்தல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவளிடம் ஓட்டுக் கேட்கத் தோன்றவே இல்லை.

இரவு வீட்டுக்கு வந்ததிலிருந்து பேச ஆளில்லை; என் குரலை நானே கேட்கவில்லை. நாளை வண்ணாரப்பேட்டை. முடிச்சை முன்பக்கம் போடச் சொல்ல வேண்டும்.