சபீனாவுக்கு ஒரு கல் உப்பு

பாஸ்டன்
6 பிப்ரவரி 1881

மலக்கி,

என் அம்மா சபீனாவுக்கு உப்பு விற்க நீ மறுத்துவிட்டாய். கடை நிறைய ஆள் இருக்க, கொண்டுவந்த முட்டைக் கூடையோடு அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறாய். தம்பி ஃபெஸ்டி எழுதியிருக்கிறான். கூட்டிச் சொல்வானே தவிர, பொய் சொல்லமாட்டான்.

உன் அம்மா காய்ச்சலில் போனபோது உன்னைத் தன் பிள்ளைகளோடு படுக்க வைத்தவள் அவள். நான் கப்பலேறுவதற்கு முன்பு, செத்தவனுக்கு அழுவதுபோல ஊரே கூடி எனக்காக அழுததே, அன்றைக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவ நான் பாத்துக்கறேன்டா" என்றது யார்?

பதில் சொல்.

பார்ட்லி ஹெஷன்


டர்கன் கடை, கில்ராவ், மேயோ
24 பிப்ரவரி 1881

அன்புள்ள பார்ட்லி,

ஃபெஸ்டி எழுதியது உண்மை. எழுதாமல் விட்டதை நான் சொல்கிறேன்.

நிலச்சொந்தக்காரத் துரையின் ஆட்கள் டேடி கில்பேன் வீட்டுக் கூரையைப் பிடுங்கிப்போட்டுக் குடும்பத்தை வெளியே தள்ளினார்கள். அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவன் உன் தம்பி. அவன் வயல் சேறு, உருளைக்கிழங்கு வருஷா வருஷம் அழுகியது, எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் கில்பேனின் பிள்ளைகள் சுண்ணாம்புக் காளவாயில் படுக்கிறார்கள். ஒருத்தன் எடுத்ததை ஊர் பொறுத்துக்கொண்டால், அடுத்த வாரமே துரை இன்னும் பத்துக் கூரையைப் பிடுங்குவான். அதனால் குத்தகைக்காரர்களின் நிலச் சங்கம், அம்மாவும் இருக்கிற ஃபெஸ்டி வீட்டை ஊர்விலக்கு செய்தது.

அம்மா வந்து கேட்டார்: "கொஞ்சம் உப்பு குடுப்பா. அடிச்ச பன்னி கெட்டுரும்."

நான் அசையவில்லை. வாசலோரம் நின்ற பிரிஜ் மல்ராய் சிரித்தாள். "தரக் கூடாதாம். உங்க மகன் உத்தரவு."

"எந்த மகன்?"

"அமெரிக்கா மகன்தான். அந்தா, சுவத்துல ஒட்டியிருக்கு."

நீ அனுப்பிய செய்தித்தாள் துண்டுதான். பாஸ்டன் சங்கக் கூட்டத்தில் நீ பேசியது. "கடையில் ஒட்டு, நாலு பேர் பார்க்கட்டும்" என்று நீதானே எழுதினாய்? அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"பார்ட்லி பேசுனதா? எங்கிட்ட யாரும் சொல்லலையே! படிப்பா, கேப்போம்."

படித்தேன். 'வெளியேற்றப்பட்டவன் நிலத்தை எடுப்பவனுக்கும் அவன் கூரையின் கீழ் இருப்பவர்களுக்கும் ஒரு கல் உப்பு கிடைக்கக் கூடாது. செத்தால் தூக்க ஆள் வரக் கூடாது.'

அம்மா முட்டைக் கூடையைத் தூக்கினார். "நல்லாத்தான் பேசியிருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உன்
மலக்கி


பாஸ்டன்
13 மார்ச் 1881

அன்பு மலக்கி,

உன் கடிதத்தை முழுக்கப் படிக்க என்னால் முடியவில்லை.

நான் துரைமாருக்கு எதிராகப் பேசினேன். அம்மாவை நினைத்தா பேசினேன்? கை தட்டினார்கள், பேச்சு ஏறிக்கொண்டே போனது.

வீடு வீடாக முட்டை வாங்க உன் வண்டி போகுமே. வைக்கோலுக்கு அடியில் உப்பும் மாவும் வைத்துக் கொடுத்துவிடு. நான் சொன்னதாக வெளியே தெரியவேண்டாம். இங்கே சங்கக் கிளைக்கு அடுத்த மாதம் தலைவர் தேர்தல். நிலம் எடுத்தவனின் அண்ணன் என்று தெரிந்தால் என் மேல் காறித் துப்புவார்கள்.

உன்னைத்தான் நம்பியிருக்கிறேன்.

பார்ட்லி


கில்ராவ்
4 ஏப்ரல் 1881

அன்புள்ள பார்ட்லி,

இரண்டு தடவை கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றாவது தடவை நாற்சந்தியில் வண்டியை மறித்தார்கள். வைக்கோலைக் கிளறினார்கள். மாவைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, முட்டையை மட்டும் பத்திரமாகத் திருப்பி வைத்தார்கள். "முட்டை ஊருக்காரங்களோடதுண்ணே" என்றான் ஒருவன். எனக்குத் தெரிந்த குரல்தான்.

இன்று காலை கடையைத் திறந்தேன். வாசற்படிக்கு நேர் எதிரே ஒரு சவக்குழி. ஆறடி. ஓரமெல்லாம் பிசிறில்லாமல் வெட்டியிருக்கிறார்கள். ஒரு பலகையும் நட்டிருக்கிறார்கள்: 'டர்கன், அளவு சரியா?' வெட்டிய மண்வெட்டிகூட நான் விற்றதாகத்தான் இருக்கும். வருகிறவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள், சுற்றிக்கொண்டு போகிறார்கள். உள்ளே யாரும் வரவில்லை.

இனி ஒளித்துக் கொடுத்துப் பயனில்லை. இங்கே உள்ள கிளைக்கு நீ வெளிப்படையாக எழுது. அம்மாவை விட்டுவிடுங்கள் என்று மூன்று வரி போதும். நான் சொன்னால் கேட்கமாட்டார்கள். நீ சொன்னால் கேட்பார்கள்.

உன்
மலக்கி


கில்ராவ்
9 மே 1881

பார்ட்லி,

உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை. ஆனால் சங்கத்துக்கு வந்திருக்கிறது. ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் படித்தார்கள். நீ தலைவனாகிவிட்டாயாம். 'உறுதியாக நில்லுங்கள்' என்று எழுதியிருக்கிறாய். தொப்பியைக் கழற்றி ஆரவாரம் செய்தார்கள். கடைசி வரிசையில் நின்றுகொண்டு அம்மாவும் கேட்டார். அவரைச் சுற்றி மூன்று பேர் நிற்கிற இடம் காலியாக இருந்தது.

அன்று மழையில் நனைந்தவர்தான், படுத்துவிட்டார். நெஞ்சில் சளி. டாக்டர் வரத் தயார். அவரை அழைத்துவர எந்த வண்டிக்காரனும் தயாரில்லை. என் குதிரையின் வாலை அறுத்துவிட்டார்கள். நடந்தேதான் போய்ப் பார்த்தேன். "பார்ட்லிக்கு எழுதாதப்பா. அவனுக்குச் சங்கடம்" என்றார்.

எழுதிவிட்டேன். குழியில் மழைத்தண்ணீர் நிற்கிறது. மூட யாருக்கும் துணிச்சல் இல்லை, எனக்கும்தான். மூன்று வரி, பார்ட்லி.

மலக்கி


தந்தி
கில்ராவ், 23 மே 1881

அம்மா இன்று காலை இறந்தார். பெட்டி செய்யத் தச்சன் மறுக்கிறான். கடைப் பலகையில் நானே செய்கிறேன். தூக்க நான்கு பேர் வேண்டும். கிளைக்குத் தந்தி அடி.

டர்கன்


தந்தி
கில்ராவ், 25 மே 1881

பெட்டி தயார். ஃபெஸ்டியும் நானும் மட்டும். இன்னும் இரண்டு பேர். தந்தி அடி.

டர்கன்