துவைக்கும் கல்லில் கிடக்கும் கடல் பிராணி

அனுப்புநர்:
மா. பாண்டிச்செல்வி (வயது 23),
பெண்கள் விடுதி, முதல் மாடி,
சுங்குவார்சத்திரம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
காஞ்சிபுரம் மாவட்டம்.

பொருள்: விடுதியின் துவைக்கும் கல்லில் உள்ள பழங்காலக் கடல் பிராணியின் எலும்புகள் – உடைக்கப்படும் முன் மீட்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் விளாத்திகுளம் வட்டம் வேம்பாரைச் சேர்ந்தவள். இங்குள்ள செல்போன் கம்பெனியில், கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. மேற்படி விடுதியில் நாற்பது பெண்கள் தங்கியிருக்கிறோம். துவைக்க ஒரே ஒரு கல். விடுதிக்கு அஸ்திவாரம் தோண்டியபோது கிடைத்தது என்கிறார்கள்.

2. கல் தேய்ந்து குழிந்துவிட்டதால், கடந்த ஏப்ரலில் அதைப் புரட்டிப் போடலாம் என்று சொன்னது நான்தான். அடிப்பக்கம் ஒரு முனையில் சொரசொரப்பாக இருந்தது. யூனிஃபார்ம் காலர் அழுக்கு நன்றாகப் போகிறது என்று எல்லோரும் அந்த முனையிலேயே தேய்த்தோம்.

3. மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை துவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வெயிலில் கல் காய்ந்தது. சில கோடுகளில் மட்டும் ஈரம் நின்றது. விலா எலும்புகள். நீளமான கழுத்து. என் உள்ளங்கையில் அடங்கும் தலை. ஆமைக்கு இருப்பது போலத் துடுப்புக் கால். கடற்கரையில் வளர்ந்தவளுக்கு அது தெரியாமல் போகாது. மொத்தமே இரண்டு முழம் இருக்காது.

4. நான் படித்த கல்லூரியில் நிலவியல் கற்பிக்கும் திருமதி கனகலட்சுமி அவர்களுக்குப் படம் அனுப்பிக் கேட்டேன். டைனோசர் காலத்தில் கடலில் வாழ்ந்த சிறிய ஊர்வனவாக இருக்கலாம், நேரில் ஆராய்ந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும், அதுவரை யாரும் தொட வேண்டாம் என்றார். அன்றிலிருந்து நாற்பது பேரும் வாளியில்தான் துவைக்கிறோம்.

5. விடுதி உரிமையாளர் திரு. அண்ணாதுரை அவர்கள் இரண்டாம் மாடி கட்டி வருகிறார். அவரிடம் முறையிட்டதற்கு, "ஆபீசருங்க வந்தா வேலைய நிறுத்திடுவாங்க. ஒரு கல்லுக்கு இன்னாத்துக்கும்மா இவ்ளோ பஞ்சாயத்து?" என்றார். வருகிற வியாழக்கிழமை கல்லை உடைத்து, புதிய செப்டிக் டேங்கிற்கு அடியில் போட ஆள் சொல்லிவிட்டார். அவர் கெட்டவர் அல்லர், பயப்படுகிறார்.

6. ஐயா, ஒன்றை மறைக்க விரும்பவில்லை. நாங்கள் தேய்த்த முனையில்தான் வால் இருந்தது. கல்லைப் புரட்டிய அன்று, சின்னச் சின்ன மணிகளாக வரிசையில் இருந்ததைப் பார்த்தேன். எண்ணவில்லை. இப்போது அந்த இடம் வழவழவென்று இருக்கிறது. பத்து நொடியில் கீறலைக் கண்டுபிடிக்கிறவள் இதை ஒரு மாதம் கவனிக்காமல் விட்டேன்.

ஆகவே, வியாழனுக்குள் அலுவலரை அனுப்பி, கல்லை முழுதாக எடுத்துச் செல்ல உத்தரவிடுமாறும், எங்களுக்கு வேறு கல் போட்டுத்தர உரிமையாளரிடம் சொல்லுமாறும் தங்களைப் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். எங்கே கொண்டுபோய் வைத்தாலும், வாலில்லாத பிராணி என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். வால் இருந்தது. தேய்த்தவர்களில் நானும் ஒருத்தி.

நாள்: 16.06.2025
இடம்: சுங்குவார்சத்திரம்

இப்படிக்கு,
மா. பாண்டிச்செல்வி