வெட்கத்துண்டு

செப்டம்பர் 2, செவ்வாய்

மருந்துக்கடையில் இன்று மூச்சுவிட நேரமில்லை. பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, ஊரில் இருக்கிற அத்தனை அம்மாக்களுக்கும் பேன் மருந்து வேண்டுமாம். வீட்டுக்கு வந்து, துணி தேய்த்துக்கொண்டே சாரோவுக்கு ஒரு குரல் செய்தி பேசினேன். ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறோம், நானும் சாரோவும் பெகோன்யாவும். பத்தொன்பது வயதில் பிஸ்கட் ஆலையில் ஒரே மேசையில் நின்று பொட்டலம் கட்டியவர்கள் நாங்கள். அன்றிலிருந்து வருடம் தவறாமல் செப்டம்பரில் ஐந்து நாள் கடற்கரை ஊர்களுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறோம்.

என்ன பேசினேன்? உள்ளதைத்தான் பேசினேன். எல்லாரும் எடுத்தது போகத் தட்டில் ஒன்று மிஞ்சுமே, வெட்கத்துண்டு. எடுக்க எல்லாருக்கும் ஆசை, எடுக்க எல்லாருக்கும் வெட்கம். "நீ எடுத்துக்கோ", "ஐயோ, நீ எடுத்துக்கோ" என்று நாங்கள் இரண்டு பேரும் மரியாதைக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பெகோன்யா லபக்கென்று வாயில் போட்டுக்கொள்வாள். எந்த ஊரானாலும், எந்தத் தட்டானாலும். முதல் சம்பளத்தன்று சதுக்கத்து பாரில் குரோக்கேட்டா வாங்கினோம். பன்றிக்கறியும் பாலும் சேர்த்துப் பொரித்த உருண்டை, வாயில் வைத்தால் கரையும். கடைசி ஒன்றுக்கு நான் கையை நீட்டியே விட்டேன். என் விரலிலிருந்து பிடுங்கித் தின்றாள். முப்பத்தெட்டு வருடம் ஆகிறது. நான் மறக்கவில்லை.

"வெட்கம் கெட்டவ. வீட்டுல சோறு போடலையா அவளுக்கு? இந்தத் தடவையாவது நமக்கு ஒண்ணு விடுவாளா பாப்போம்" என்று முடித்து, அனுப்பினேன்.

சாரோவுக்குப் போகவில்லை. மூவர் குழுவுக்குப் போயிருக்கிறது.

இஸ்திரிப்பெட்டியைச் சட்டை மேலேயே விட்டுவிட்டு ஓடிவந்து அழித்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த நேரத்துக்கு அவள் நீச்சல்குளத்தில் இருப்பாள். கேட்டிருக்க மாட்டாள். சட்டை போனது போனதுதான்.

செப்டம்பர் 3, புதன்

"இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்று குழுவில் ஒரு வரி அசையாமல் நிற்கிறது. குழாய்க்காரருக்குப் பேசியது தவறி வந்துவிட்டது என்று எழுதினேன். பெகோன்யா கட்டைவிரல் படம் ஒன்று போட்டாள். சாரோ எனக்குத் தனியாக "அடிப்பாவி" என்று மட்டும் அனுப்பினாள்.

கேட்டிருக்க மாட்டாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு. சான் விசெந்தே

ஒன்றரை மணி நேரப் பாதைக்கு மூன்று மணி நேரம். காரை ஓட்டியவள் சாரோ, வேறு என்ன சொல்ல. கைப்பேசி இடப்பக்கம் போ என்றால் அதனிடம் வாதாடுகிறாள். சாப்பாட்டுக் கடைக்குப் போய்ச் சேரும்போது மூன்று மணி. அங்கே உட்கார்ந்ததும் பரிமாறுபவரை நிறுத்திவைத்து விசாரணை: எந்த மீன் இன்று வந்தது, யார் பிடித்தார், தலையோடு வருமா. தலை இருந்தால் சாப்பிட மாட்டாள். கண் அவளையே பார்க்கிறதாம். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு ஒவ்வொரு வருடமும் போல முட்டை ஆம்லெட் சொன்னாள். கடலைப் பார்த்துக்கொண்டு ஆம்லெட்!

முதல் தட்டு குரோக்கேட்டா. ஏழு. இந்தச் சமையற்கட்டுகளில் ஏழு போடுவார்கள், பத்து போடுவார்கள், மூன்று பேர் வந்தால் ஒன்பது போட ஒருவருக்கும் தோன்றாது. ஆளுக்கு இரண்டு போக ஒன்று மிஞ்சியது. நான் வழக்கம்போல ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

திரும்பினால் அது அங்கேயே இருக்கிறது.

பெகோன்யா கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"நீ எடுத்துக்கோடி" என்றாள் சாரோ.

"எனக்குப் போதும். நீங்க சாப்பிடுங்க."

ஐந்து நிமிடம் மூன்று பேரும் அந்த உருண்டையைப் பார்த்தோம். பரிமாறுபவர் வந்தார். "என்ன பொண்ணுங்களா, எடுத்துடவா?" ஐம்பத்தேழு வயதுப் பொண்ணுங்கள் தலையாட்டினோம். கொண்டுபோய்விட்டார். நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்திருக்க வேண்டும். நினைக்க முடியவில்லை, ஏனென்று தெரியவில்லை.

செப்டம்பர் 8, திங்கள். யானெஸ்

சிப்பி, பத்து. ஒன்று மிஞ்சியது. அதே கதை.

இதைவிட எரிச்சல் வேறு. நான் ரொட்டிக்கூடையை நகர்த்தினேன், "ரொம்ப நன்றி, மிலா" என்கிறாள். முப்பத்தெட்டு வருடத்தில் இவள் எனக்கு நன்றி சொன்னதே கிடையாது. என் தட்டிலிருந்து உருளைக்கிழங்கை எடுப்பவள், என் கிளாஸில் குடிப்பவள், இப்போது கத்தியால் அளந்து மூன்று பங்கு போடுகிறாள், அதில் சின்னதைத் தன் பக்கம் வைத்துக்கொள்கிறாள். பிஷப் வீட்டு விருந்துக்கு வந்ததுபோல நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். இதுதானே நான் கேட்டது? இதைத்தானே கேட்டேன்? பிறகு எனக்கு ஏன் எதுவும் இறங்க மாட்டேன் என்கிறது?

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்று தட்டோடு திரும்பிப் போனவை: பொரித்த கணவாய் வளையம் ஒன்று, மிளகாய் ஒன்று, கேக்கின் நுனி.

கழிவறை வாசலில் சாரோ என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டுட்டாடி அவ."

"கேக்கல."

"கேட்டுட்டா மிலா. போய்ப் பேசு."

"கேக்கலங்கறேன்! கேட்டிருந்தா அவ சும்மா இருப்பாளா? மண்டையை உடைச்சிருப்பா."

"அதான் எனக்கும் பயமா இருக்கு" என்றாள் சாரோ.

செப்டம்பர் 10, புதன். ரிபதெசெயா

எழுதவே பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

மதியம் ஆற்றங்கரைக் கடை. சோள அடை, மேலே நீலம் பாய்ந்த பாலாடைக்கட்டி. ஏழு. ஆளுக்கு இரண்டு தின்றோம், ஏழாவது தட்டின் நடுவில் ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. சாரோ வானத்தைப் பார்க்கிறாள். பெகோன்யா மடியைப் பார்க்கிறாள். எனக்குப் பொறுக்கவில்லை. எடுத்தேன், முழுதாக வாயில் போட்டேன்.

அப்போதுதான் தெரிந்தது வெட்கத்துண்டைத் தின்பது என்றால் என்னவென்று. பக்கத்து மேசைப் பெண்மணி பார்த்தாள். தட்டை எடுக்க வந்தவர் புன்னகைத்தார். ஒரு ருசியும் தெரியவில்லை.

"நல்லா இருக்கா?" என்றாள் பெகோன்யா.

"இருக்கு."

"வீட்டுல சோறு போடலையா உனக்கு?"

மெல்வதை நிறுத்திவிட்டேன். சாரோ தண்ணீர் கிளாஸை எடுத்தாள், குடித்துக்கொண்டே இருந்தாள்.

"நீ நீச்சலுக்குப் போகலையா அன்னைக்கு?" இதைத்தான் கேட்டேன். கடவுளே, வேறு கேள்வியே கிடைக்கவில்லையா எனக்கு!

"குளத்துல அன்னைக்குத் தண்ணி மாத்தினாங்க. முழுசாக் கேட்டேன். நீ குழாய்க்காரன்னு எழுதினதையும் படிச்சேன். குழாய்க்காரனுக்கா வெட்கம் இல்ல, மிலா?"

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை. நானா கேட்பேன்? "நான் சொன்னதுல என்னடி பொய்? முதல் சம்பளத்தன்னைக்கே என் கையிலேருந்து பிடுங்கினவதானே நீ!"

பெகோன்யா தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அன்னைக்கு அந்த பார்க்காரன் என்ன சொன்னான்னு ஞாபகம் இருக்கா உனக்கு?"

"என்ன சொன்னான்?"

"நீ கையை நீட்டின. 'பாருங்கடா, பஞ்சத்துல அடிபட்டது ஒண்ணு வந்திருக்கு'ன்னான். பார் பூராச் சிரிச்சுது. உங்க வீட்டுல ஏழு பிள்ளைங்கன்னு அத்தனை பேருக்கும் தெரியும். உன் மூஞ்சி சிவந்து போச்சு, அழுதுடுவ போல இருந்த. அதான் பிடுங்கி வாயில போட்டுக்கிட்டு, அது நான்தான்டான்னு சொன்னேன். அப்புறம் என்னைப் பாத்துச் சிரிச்சானுங்க."

அவள் நிறுத்தவில்லை.

"அதுக்கப்புறம் எத்தனை தட்டு! நீங்க ரெண்டு பேரும் எடுக்கவும் மாட்டீங்க, எடுத்துட்டுப் போகவும் விட மாட்டீங்க, உத்துப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பீங்க. யாராவது ஒருத்தி வெட்கத்தை முழுங்கணுமா இல்லையா? பாதி நாள் எனக்கு வயிறு நிறைஞ்சிருக்கும்டி. நிறைஞ்ச வயித்தோட தின்னிருக்கேன்."

நாப்கினை மடித்து வைத்தாள். நாளைக்குக் காலை பஸ்ஸில் ஊருக்குப் போகிறேன் என்றாள். கத்தவில்லை, அழவில்லை. கத்தியிருந்தால் எனக்குத் தேவலை.

அந்தச் சிரிப்பு எனக்கு நினைவில்லை. இப்போது உட்கார்ந்து யோசித்தால் வருகிறது. அவன் மீசை. கல்லாப் பக்கம் நின்றவர்கள். என் காது சுட்டது. இதையெல்லாம் எங்கே வைத்திருந்தேன் இவ்வளவு நாள்? அவள் கையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டேன். எவ்வளவு வசதியான ஞாபகம் எனக்கு.

செப்டம்பர் 11, வியாழன்

அவளை பஸ் ஏற்றப் போனோம். சாரோவைக் கட்டிக்கொண்டாள். என்னிடம் "உடம்பைப் பாத்துக்கோ" என்றாள், மருந்துக்கடையில் நான் வாடிக்கையாளர்களிடம் சொல்வதுபோல.

மதியம் நானும் சாரோவும் மட்டும். கணவாய் வளையம் எட்டு வந்தது. ஆளுக்கு நான்கு. எதுவும் மிஞ்சவில்லை. ஜன்மத்தில் இவ்வளவு மோசமாகச் சாப்பிட்டதில்லை.

"அவ மேல உனக்குக் கோபமே வந்ததில்லையா?" என்று கேட்டேன்.

"எனக்கு எதுக்குக் கோபம்? பாதித் தட்டுல இருக்கறதுக்குக் கண்ணு இருக்கு, நான்தான் தொடவே மாட்டேனே." பிறகு சொன்னாள்: "அந்த பார்ல நானும் சிரிச்சேன் மிலா. பயத்துல சிரிச்சேன். அதை அவ உன்கிட்ட சொல்லாம விட்டுட்டா பாரு."

செப்டம்பர் 14, ஞாயிறு

ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் மூவரும் சதுக்கத்து பாரில் ஒரு கிளாஸ் வெர்மூத் ஒயின் குடிப்பது வழக்கம். பெகோன்யா வரவில்லை.

செப்டம்பர் 17, புதன்

மூன்று முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனேன். மேலே ஜன்னலில் விளக்கு எரிகிறது, மணியை அழுத்தினால் பதில் இல்லை. கோபம் கோபமாக வருகிறது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

இன்றும் வரவில்லை. பாரை இப்போது நடத்துகிற ஃபெர்மின் "பெகோன்யாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். "எனக்குத்தான் சரியில்லை" என்றேன். நல்ல மனிதர், மாத்திரை போட்டீங்களா என்றார்.

செப்டம்பர் 22, திங்கள்

குழுவில் குரல் செய்தி பேசினேன். இந்தத் தடவை பார்த்து, தெரிந்து, குழுவுக்கே. ஒரு குறிப்பு எழுதிவைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே அதை விட்டுவிட்டேன். "பெகோ, மன்னிச்சுடுடி. வெட்கம் கெட்டவ நான்தான். நீ என் வெட்கத்தையெல்லாம் தின்னுக்கிட்டு இருந்திருக்க, நான் எண்ணிக்கிட்டு இருந்திருக்கேன். நீ இல்லாம எனக்கு எதுவும் ருசிக்கலடி, உண்மையிலேயே ருசிக்கல." கடைசியில் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் வேறு.

அனுப்பியபின் விரல் அழிக்கும் இடத்துக்கே போய்ப் போய் வந்தது. அழிக்கவில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

கேட்டுவிட்டாள். இரண்டு நீலக் குறி. கட்டைவிரல்கூட இல்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

வரவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

மழை. சாரோவும் நானும் வழக்கமான மேசையில். ஃபெர்மின் வெர்மூத் கொண்டுவந்து வைக்கும்போது கதவு திறந்தது. பெகோன்யா. குடையை மடிக்காமல், கோட்டைக் கழற்றாமல், எங்கள் மேசைப் பக்கத்தில் வந்து நின்றாள். உட்காரவில்லை.

"ஆ, மூணு பேரும் வந்தாச்சா!" என்றார் ஃபெர்மின். "குரோக்கேட்டாதானே? இன்னைக்கு ஒன்பதாப் போட்டுத் தரவா? ஆளுக்கு மூணு, சரியா வந்துடும்."

முப்பத்தெட்டு வருடத்தில் ஒருவருக்கும் தோன்றாதது இந்த மனிதருக்கு இன்றைக்கா தோன்ற வேண்டும்!

"வேண்டாம் ஃபெர்மின்" என்றேன். "ஏழே போடுங்க."

பெகோன்யா என் முகத்தைப் பார்க்கவில்லை. குடையைச் சுவரில் சாய்த்தாள். கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினாள். உட்கார்ந்தாள். "உன் குரல் செய்தியில மூக்குச் சத்தம் சகிக்கல" என்றாள். சாரோ இருமுவதுபோல ஏதோ செய்தாள்.

தட்டு வந்தது, கொதிக்கக் கொதிக்க. ஆளுக்கு இரண்டு ஆயிற்று. நடுவில் ஒன்று, பொன்னிறமாக, ஒரு பக்கம் மொறுமொறுவென்று. எனக்கு அது உண்மையிலேயே வேண்டும்போல இருந்தது. நல்ல பசி, நான்கு வாரத்துப் பசி. ஜன்னல் பக்கம் பார்க்காமல் நேராகக் கையை நீட்டினேன். விரல் பட்டும் விட்டது.

பிடுங்கித் தின்றுவிட்டாள்.

வெட்கம் கெட்டவள்.