ஒற்றைத் தலைவலியும் கல்யாண மல்லிகையும்

ஜூலை 2

இன்றும் வந்தது. முதலில் கண்ணோரத்தில் ரம்பப்பல் மாதிரி ஒரு வெளிச்சம். பிறகு எதிரே உட்கார்ந்திருந்த தமாரின் முகத்தில் இடப்பாதி காணாமல் போனது. சொன்னேன்.

"மூக்கு இருக்கா?"

"பாதி."

"போதும், மூச்சு விட்டுக்கலாம்."

இவனையா கட்டிக்கொள்ளப் போகிறேன்? இவனைத்தான்!

ஜூலை 5

பயம் ஒன்றே ஒன்றுதான். தலைவலிக்கு முன்னால் என் மூக்கு நாய்மூக்காகிவிடும். அடுத்த வீட்டு வெங்காயம்கூட என் மடியில் கிடப்பது போல நாறும். மல்லிகை என்றால் கேட்கவே வேண்டாம். தமாரின் ஊரான இந்தச் சோலோவில் மணப்பெண்ணுக்குக் கொண்டையிலிருந்து இடுப்புவரை மல்லிகைச் சரம் தொங்க வேண்டும். மேடையிலேயே வாந்தி எடுத்தால்? தமாரின் இபுவுக்கு, அதாவது அம்மா சுமார்னிக்கு, இந்தத் தலைவலி விஷயமே தெரியாது. சீக்காளிப் பெண் என்று சொல்லிவிட்டால்? தமாரையும் சொல்லவிடவில்லை.

ஜூலை 10

போச்சு! ஒப்பனைக்காரி அளவு பார்க்கச் சரத்தைக் கொண்டுவந்தாள். வாசம் ஏறியதும் அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. குளியலறைக்கு ஓடினேன்.

மாமியார் விடவில்லை. "காத்து பூந்துடுச்சு, குப்புறப் படு." எண்ணெய் தடவி, காசை வைத்து முதுகிலிருந்து பிடரிவரை வரட் வரட்டென்று சுரண்டினார். இங்கே எதற்கும் அதுதான் மருந்து. எழுந்து பார்த்தால் கழுத்தெல்லாம் செக்கச்செவேலென்று கோடு. கல்யாணம் நாளை மறுநாள்!

"ஐயையோ, நான் ஏன் கழுத்துல கை வச்சேன்!" அவரே தலையில் அடித்துக்கொண்டார்.

ஒப்பனைக்காரி அலட்டிக்கொள்ளவில்லை. "சரத்தை ரெண்டு மடங்கா தொங்கவிட்டா மறைஞ்சிடும்."

ரெண்டு மடங்கு மல்லிகை! அழுதே விட்டேன். "இபு, இப்ப உங்க மூஞ்சியிலயே பாதியைக் காணோம்" என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

ஜூலை 11

காலையிலிருந்து மாமியாரைக் காணோம். சொல்லியிருக்கக் கூடாதோ?

ஜூலை 12

கல்யாணம் முடிந்தது! தலை வலிக்கவே இல்லை! ரெண்டு மடங்கு மல்லிகை, அத்தனையும் துணிப்பூ. நேற்று முழுக்கச் சந்தையில் அலைந்து வாங்கி வந்தவர் மாமியார். அசல் பூ இல்லையென்றால் சொந்தக்காரர்கள் சும்மா விடுவார்களா? தமாரின் பெரியம்மா மோந்து பார்த்து, "வாசமே வரலையே?" என்றார்.

"உங்களுக்கு மூக்கடைப்புக்கா. போய் இஞ்சித்தண்ணி குடிங்க."

மாமியார் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நானும் தமாரும் சிரித்த சிரிப்பில் மேடையே ஆடியது.

ஜூலை 13

இன்று வந்தது, முழுசாக. ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டுப் படுத்திருக்கிறேன். வரி கோணலாகப் போகிறது, போகட்டும். வாசலில் பக்சோ சூப் வண்டிக்காரர் கிண்ணத்தைத் தட்டினார், டிங் டிங் என்று. மண்டையில் ஆணி இறங்கியது. மாமியார் செருப்புகூடப் போடாமல் ஓடினார்.

"தட்டாதப்பா! உள்ள எம்பொண்ணுக்குத் தலைவலி."